எட்டில் ஒரு பங்கு

கோவில்பதாகை, ஆவடி
3 ஜூன் 2024

பன்னிரண்டாம் வகுப்பு இயற்பியல் வழிகாட்டி எழுதிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் பெயரைப் பதிப்பகத்தார் சொல்லவில்லை. புரூஃப் தாளிலும் இல்லை. பெயர் தெரியாதவருக்குக் கடிதம் எழுதுவது மரியாதை ஆகாது என்று கான்வென்டில் எங்களுக்குச் சொல்லிக்கொடுத்தார்கள். எழுபத்தைந்து வயதில் அதை முதல் தடவையாக மீறுகிறேன். பொறுத்துக்கொள்ளவும்.

முதல் பாடத்தின் நாற்பது பக்கங்களையும் இரண்டு முறை படித்துத் திருத்தி இத்துடன் வைத்திருக்கிறேன். பதிப்பக மேலாளர் கிஷோர், “வாட்ஸப்ல போட்டோ புடிச்சு அனுப்பிடுங்க மேடம், அது போதும்” என்றார். போதாது. சில திருத்தங்களுக்குக் காரணம் சொல்ல வேண்டியிருக்கிறது.

பக்கம் 17: ‘பரப்பின் வழியே மின்புலம் பாய்கிறது’ என்று எழுதியிருக்கிறீர்கள். எதுவும் பாயவில்லை. மின்பாயம் என்ற பெயரைக் கேட்டதுமே பிள்ளைகள் குழாய்த் தண்ணீரை நினைத்துக்கொள்கிறார்கள். ஒரு பரப்பை எத்தனை மின்புலக் கோடுகள் துளைத்துச் செல்கின்றன என்ற கணக்குதான் அது. கொசுவலை அடித்த சட்டத்தைக் காற்றுக்கு நேராகவும், சாய்வாகவும், விளிம்பு காட்டியும் பிடித்துப் பார்க்கச் சொல்லியிருக்கும் உதாரணம் நன்று. ஆனால் காற்று வீசும், மின்புலம் வீசாது என்று ஒரு வரி சேர்த்துவிடுங்கள்.

பக்கம் 22: மின்னூட்டம் மூடிய பெட்டிக்கு வெளியே இருந்தால் நிகர மின்பாயம் சுழி. சரி. அடுத்த வரியில் ‘ஆகவே பெட்டிக்குள் மின்புலம் இல்லை’ என்று அச்சாகியிருக்கிறது. ‘என்று பொருளல்ல’ என்பது விட்டுப்போயிருக்கிறது. நுழைந்த கோடுகள் அத்தனையும் வெளியேறிவிட்டன என்பதுதான் பொருள். இந்த ஒரு பிழை போதும், ஒரு பிள்ளையின் மதிப்பெண்ணைத் தின்றுவிடும்.

பாடத்தின் கடைசியில் உள்ள முப்பது கேள்விகளுக்கும் விடைகளைச் சரிபார்த்தேன். 21-ஆம் கேள்வியில் அலகு தவறு. மற்றவை சரி, ஒவ்வொன்றின் எதிரிலும் குறியிட்டிருக்கிறேன்.

என் கணவர் போய் நான்கு ஆண்டுகள் ஆகின்றன. காலை வெளிச்சம் நன்றாக விழும் ஜன்னல் ஒன்று இருக்கிறது. அந்த இரண்டு மணி நேரம்தான் உங்கள் தாள்களுக்கு. அடுத்த பாடத்தை அனுப்பும்போது எழுத்தைச் சற்றுப் பெரிதாக அச்சிடச் சொல்லுங்கள்.

இங்ஙனம்,
நாகவல்லி உத்தமன்
இயற்பியல் ஆசிரியை (ஓய்வு)


கரையான்சாவடி
10 ஜூன் 2024

மதிப்பிற்குரிய நாகவல்லி மிஸ் அவர்களுக்கு,

வணக்கம். உங்கள் திருத்தங்கள் எல்லாவற்றையும் ஏற்றுக்கொண்டேன். ‘என்று பொருளல்ல’ விடுபட்டதை நான் மூன்று முறை படித்தும் பார்க்கவில்லை. நன்றி.

என் பெயர் ஃபஸீலா. பூந்தமல்லியில் உங்களிடம் பன்னிரண்டாம் வகுப்பு படித்தேன். 1997-இல், அரையாண்டுத் தேர்வு வரைக்கும். கரையான்சாவடி மெயின் ரோட்டில் செருப்புக் கடை வைத்திருந்த ஷவுகத் அலியின் மகள். இன்னும் நினைவு வரவில்லை என்றால் ‘எட்டுப் பெட்டி’ என்றால் வந்துவிடும். வகுப்பில் கடைசியில் அதுதான் என் பெயரானது.

14-ஆம் கேள்விக்கு எதிரிலும் நீங்கள் ‘சரி’ போட்டிருக்கிறீர்கள். கேள்வியை மறுபடி எழுதுகிறேன். ‘ஒரு கனசதுரப் பெட்டியின் மூலையில் புள்ளி மின்னூட்டம் ஒன்று வைக்கப்பட்டுள்ளது. பெட்டியின் வழியே செல்லும் மொத்த மின்பாயம் எவ்வளவு?’ விடை, மின்னூட்டம் முழுவதும் உள்ளே இருந்தால் வரக்கூடிய பாயத்தில் எட்டில் ஒரு பங்கு. அன்றைக்கு அரையாண்டுத் தேர்வில் வந்ததும் இதே கேள்விதான்.

அதை நான் எப்படிப் புரிந்துகொண்டேன் என்று சொல்ல அப்போது வாய்ப்புக் கிடைக்கவில்லை. இப்போது சொல்கிறேன். கடையில் ஸ்டூலில் உட்கார்ந்துதான் படிப்பேன். மூலை என்பது உள்ளேயா வெளியேயா என்று இரண்டு நாளாகக் குழப்பம். செருப்புப் பெட்டிகளை எடுத்துக் கீழே நான்கு, மேலே நான்கு என்று ஒட்டி அடுக்கினேன். எட்டுப் பெட்டியின் மூலைகளும் நடுவில் ஒரே புள்ளியில் கூடின. மின்னூட்டம் அந்தப் புள்ளியில் இருக்கிறது. இப்போது அது எல்லாப் பக்கமும் மூடப்பட்டுவிட்டது. அதிலிருந்து எந்தக் கோடு கிளம்பினாலும் எட்டில் ஏதோ ஒரு பெட்டியைக் கடந்துதான் வெளியே போயாக வேண்டும். எந்தப் பெட்டிக்கும் தனிச் சலுகை இல்லை. அப்படியென்றால் ஒரு பெட்டிக்கு எட்டில் ஒரு பங்கு. சத்தமாகச் சிரித்துவிட்டேன். அத்தாவைக் கூப்பிட்டுக் காட்டினேன். ஏழாம் நம்பர் ஜோடி ஒன்றைத் தேடிக்கொண்டே, “இன்னாமோ சொல்ற, ஒன்னும் புரியல. ஆனா நல்லாக்கீது” என்றார்.

அதைத்தான் படம் போட்டு எழுதினேன். நீங்கள் சுழி போட்டுச் சிவப்பு மையில் எழுதினீர்கள்: ‘மூலை உள்ளே அல்ல. விடை சுழி. செருப்புப் பெட்டி கனசதுரமும் அல்ல.’ நான் எழுந்து நின்று, இல்லை மிஸ், நான் எழுதியதுதான் சரி என்றேன். “ஃபஸீலா, இது வகுப்பு. உங்க அப்பா கடை இல்ல” என்றீர்கள். ஐம்பது பேரும் சிரித்தார்கள். நான் உட்காரவில்லை.

மறுநாள் அத்தாவை வரச் சொன்னீர்கள். செருப்பு விற்கிறவர், தன் செருப்பை ஸ்டாஃப் ரூம் வராந்தாவில் கழற்றிவிட்டு நின்றார். தப்பான விடையும் எழுதிவிட்டு எதிர்த்தும் பேசுகிறாள், மன்னிப்புக் கடிதம் தந்தால்தான் வகுப்பு என்றீர்கள். அத்தா என்னிடம், “டீச்சர் தப்பா சொல்வாங்களாம்மா? எழுதிக் குடுத்துடு” என்றார். எழுதினேன். ஒற்றுப் பிழை என்று இரண்டு முறை திருப்பிக் கொடுத்தீர்கள். மூன்றாவது முறை வாங்கிக்கொண்டீர்கள். அதற்கு அடுத்த நாளிலிருந்து நான் பள்ளிக்கு வரவில்லை. யாரும் என்னை நிறுத்தவில்லை. நானாக நின்றேன்.

இருபத்தொன்பது வயதில் தனித்தேர்வு எழுதினேன். பிறகு அஞ்சல் வழியில் எம்.எஸ்ஸி. வரைக்கும் படித்தேன். இப்போது வீட்டில் டியூஷன், இந்த வழிகாட்டி வேலை. தனித்தேர்வு எழுதிய வருடம் அத்தாவிடம் புத்தகத்தைக் காட்டினேன். “புஸ்தகத்துல போட்டிருக்கலாம்மா. டீச்சர் வாயால சொல்லலியே” என்றார். 2011-இல் இறந்துபோனார். மகள் பொய் பேசி, அந்த வெட்கத்தில் படிப்பை விட்டவள் என்று நினைத்துக்கொண்டே போனார். அம்மா இருக்கிறார். அவரும் இன்றுவரை அப்படித்தான் நினைக்கிறார்.

புரூஃப் பார்ப்பவர்களின் பட்டியலில் உங்கள் பெயரைப் பார்த்த பிறகுதான் 14-ஆம் கேள்வியைச் சேர்த்தேன். முதல் பாடத்தை உங்களுக்கே அனுப்பும்படி கிஷோரிடம் சொன்னதும் நான்தான். நீங்கள் அதை அடித்திருந்தால், மிஸ்ஸுக்கு இன்னும் தெரியாது என்று விட்டிருப்பேன். ‘சரி’ போட்டிருக்கிறீர்கள்.

ஒன்றே ஒன்றுதான் கேட்கிறேன். உங்களுக்கு எப்போது தெரிந்தது?

ஃபஸீலா


கோவில்பதாகை
17 ஜூன் 2024

அன்புள்ள ஃபஸீலா,

உன் கடிதம் வந்து ஐந்து நாள் ஆகிறது. நீ எம்.எஸ்ஸி. முடித்தது குறித்து மகிழ்ச்சி. உன்னைத் துடிப்பான மாணவியாகத்தான் நினைவு வைத்திருக்கிறேன். உன் கையெழுத்தும் இப்போது சீராகியிருக்கிறது.

நீ கேட்டதற்கு நேர்மையாகவே பதில் எழுதுகிறேன். நான் படித்தது வேதியியல். பூந்தமல்லிக்கு நான் வந்த வருடம் இயற்பியல் ஆசிரியர் பணியிடம் காலி. தலைமையாசிரியை என்னை எடுக்கச் சொன்னார். பழைய நோட்டுகளை வைத்துத்தான் பாடம் நடத்தினேன். காஸ் விதியில் மின்னூட்டம் ஒன்று உள்ளே இருக்கும், இல்லாவிட்டால் வெளியே இருக்கும். மூலை உள்ளே இல்லை, எனவே சுழி. எனக்குக் கிடைத்த நோட்டில் இருந்தது அவ்வளவுதான். அந்தச் சூழலில் ஒரு தவறு நேர்ந்திருக்கலாம். மனிதர்கள் எல்லோருக்கும் நேர்வதுதான்.

எப்போது தெரிந்தது என்று தேதி போட்டுச் சொல்ல முடியாது. அறிவு படிப்படியாக வருவது. பாடத்திட்டம் மாறிய சமயத்தில் தெளிவு ஏற்பட்டிருக்கலாம். மன்னிப்புக் கடிதத்தை இரண்டு முறை திருப்பிக் கொடுத்தது உன் தமிழ் நன்றாக வர வேண்டும் என்பதற்காக. நீ படிப்பை நிறுத்தியது எனக்கும் வருத்தம் தந்தது. நீ திரும்பி வந்திருக்கலாம். கதவு மூடியிருக்கவில்லை.

உன் தாயாரைக் கேட்டதாகச் சொல். இந்த உஷ்ணத்தில் நிறையத் தண்ணீர் குடிக்கச் சொல்.

அன்புடன்,
நாகவல்லி உத்தமன்


கரையான்சாவடி
21 ஜூன் 2024

மிஸ்,

உங்கள் கடிதத்தில் ‘இருக்கலாம்’ மூன்று இடத்தில் வருகிறது. மூன்றையும் அடிக்கோடிட்டு இத்துடன் திருப்பி வைத்திருக்கிறேன். கேட்டது ஒரு கேள்வி. விடை அதில் இல்லை.

எனக்காக மட்டும் இதைக் கேட்கவில்லை. அம்மாவுக்கு எழுபத்தெட்டு வயது. வாரம் இரண்டு நாள் டயாலிசிஸ். போகும்போது ஆட்டோவில் என் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். அப்போதுகூட, “நீ மட்டும் அன்னிக்கு வாய மூடிகினு இருந்திருந்தா டாக்டருக்குப் படிச்சிருப்ப” என்பார். எனக்கு டாக்டருக்குப் படிக்கும் எண்ணம் ஒருநாளும் இருந்ததில்லை. ஆனாலும் ஒவ்வொரு தடவையும் வலிக்கிறது.

உங்கள் கடிதம் வந்த அன்று கேட்டார்.

“யாரு லெட்டரு?”

“நாகவல்லி மிஸ்ஸும்மா.”

“அந்தம்மாவா? இன்னும் கீறாங்களா! தோ பாரு ஃபஸீலா, எதுனா எதிர்த்து எழுதிகினு கெடக்காத. ஒரு தபா பட்டது போதும்.”

நீங்கள் எழுதியதைப் படித்துக் காட்டலாம் என்றுதான் எடுத்து வந்தேன். அதில் படித்துக் காட்ட ஒரு வரிகூட இல்லை. மடித்து வைத்துவிட்டேன்.

நான் சொன்னது சரி, நீங்கள் சொன்னது தப்பு என்று உங்கள் கையால் ஒரு வரி எழுதி அனுப்புங்கள். அம்மா இருக்கும்போதே வந்து சேர வேண்டும். அது எப்போது தெரிந்தது என்பதையும் எழுதுங்கள். அது எனக்கு.

ஃபஸீலா


கோவில்பதாகை
1 ஜூலை 2024

ஃபஸீலாவுக்கு,

இதுவரை நான்கு கடிதம் எழுதிக் கிழித்துவிட்டேன். நான்கிலும் நான் நல்லவளாக இருந்தேன். இனி உங்களை நீங்கள் என்றே எழுதுகிறேன்.

உங்கள் தாயாருக்குப் படித்துக் காட்ட:

1997 டிசம்பர் அரையாண்டுத் தேர்வில் உங்கள் மகள் ஃபஸீலா எழுதிய விடை சரி. நான் சொன்னது தவறு. அவள் பொய் சொல்லவில்லை. மரியாதைக் குறைவாக ஒரு சொல்லும் பேசவில்லை. அவளிடம் மன்னிப்புக் கடிதம் வாங்க எனக்கு உரிமை இருக்கவில்லை.

இனி எழுதுவது உங்களுக்கு.

எனக்குத் தெரிந்தது 1998 ஏப்ரல் 16, வியாழக்கிழமை. நீங்கள் பள்ளிக்கு வராமல் நின்று நான்கு மாதம். பொதுத் தேர்வு விடைத்தாள் திருத்தும் முகாமில் இருந்தேன். அந்த வருடத் தாளில் மூன்று மதிப்பெண்ணுக்கு அதே கேள்வி வந்திருந்தது. அப்பாவு சார் என்பவர் விடைக் குறிப்பை வாசித்தார். நான் எழுந்து நின்று, விடை சுழி, குறிப்பு தவறு என்றேன். அவர் கோபப்படவில்லை. “உக்காருங்க மேடம். எட்டு செங்கல் அடுக்கத் தெரியுமா? அவ்ளோதான்” என்று சொல்லி, சாக்பீஸை எடுத்துக் கரும்பலகையில் எட்டுப் பெட்டி வரைந்தார். உங்கள் விடைத்தாளில் இருந்த அதே படம். “கனசதுரமாத்தான் இருக்கணும்னுகூட இல்ல. செங்கல்லுக்கும் எட்டுல ஒண்ணுதான்” என்றார். நாற்பது ஆசிரியர்கள் இருந்தார்கள். சிலர் சிரித்தார்கள்.

அன்று பிற்பகல் எனக்கு வந்த தாள்களில் பதினேழு பேர் எட்டில் ஒரு பங்கு என்று எழுதியிருந்தார்கள். பதினேழு பேருக்கும் முழு மதிப்பெண் போட்டேன்.

இரவு என் கணவரிடம் சொன்னேன். தொழிற்சாலையில் ஃபோர்மேனாக இருந்தவர், நேராகப் பேசுவார். “போய்ச் சொல்லிட்டு வா நாகு. ரெண்டு நிமிஷ வேலை. செப்டம்பர் பரீட்சைக்காவது அந்தப் பொண்ணு உக்காரட்டும்” என்றார். எங்கள் ஆவடி பஸ் தினமும் உங்கள் கடையைத் தாண்டித்தான் போகும் என்பது உங்களுக்குத் தெரியும். திங்கட்கிழமை இறங்கினேன்.

உங்கள் தந்தை என்னைப் பார்த்ததும் கடையை விட்டு ரோட்டுக்கே இறங்கி வந்தார். “வாங்க டீச்சர், வாங்க! இன்னா டீச்சர் நீங்க, சொல்லி அனுப்சிருந்தா நானே வந்திருப்பேனே. தே, டீச்சருக்கு ஒரு கலர் ஒடச்சிகினு வாப்பா” என்று பக்கத்துச் சோடாக் கடைக்குக் குரல் கொடுத்தார். நாற்காலியைத் துண்டால் தட்டிப் போட்டார். நான் வாயைத் திறப்பதற்குள், செருப்பு வாங்க வந்திருக்கிறேன் என்று அவரே முடிவு செய்துகொண்டு நாலு ஜோடி எடுத்து வைத்தார். நானும் இல்லையென்று சொல்லவில்லை. கீழே குந்தி உட்கார்ந்து என் காலில் வாரை மாட்டிக்கொண்டே, தலை நிமிராமல் சொன்னார்: “பொண்ணு மேல கோவம் வெச்சிக்காதீங்க டீச்சர். சின்னப் புள்ள, தெரியாம பேசிடுச்சு. நான் வேணா இன்னொரு தபா மன்னிப்பு கேட்டுக்கறேன்.”

சொல்ல வேண்டிய இடம் அதுதான். அவர் கை என் காலில் இருந்தது. இவ்வளவு மரியாதை செய்கிற மனிதரிடம், நீங்கள் மரியாதை செய்வது தவறு செய்தவளுக்கு என்று எப்படிச் சொல்வது என்று நினைத்தேன். இப்படி எழுதினால் ஏதோ அவருக்காக யோசித்தது போல் இருக்கிறது. இல்லை. அவர் எழுந்து நின்று என்னைப் பார்க்கப்போகும் பார்வையை நினைத்தேன். அவ்வளவுதான்.

“பரவாயில்ல பாய். நான் மறந்துட்டேன்” என்றேன்.

செருப்பை வாங்கிக்கொண்டு அடுத்த பஸ்ஸில் வந்துவிட்டேன். வீட்டில் கணவரிடம், சொல்லிவிட்டேன் என்றேன். “அப்பாடா” என்றார். அதற்குப் பிறகு இருபத்திரண்டு வருடம் இருந்தார். கரையான்சாவடி வழியாக எப்போது போனாலும் உங்கள் கடையைப் பார்த்து, “அந்தப் பொண்ணு இப்ப என்ன படிக்குதோ” என்பார். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்வேன்.

உங்கள் தந்தை இறந்தது உங்கள் கடிதத்தில்தான் எனக்குத் தெரிந்தது. ஆனால் அதற்குப் பிறகு அவர் உயிரோடு இருந்த பதின்மூன்று வருடமும் எனக்கு உண்மை தெரியும். கேட்டது அதுதானே. அதுதான் விடை.

நாகவல்லி


கரையான்சாவடி
9 ஜூலை 2024

மிஸ்,

உங்கள் கடிதம் வியாழக்கிழமை வந்தது. முதல் பகுதியை மட்டும் அம்மாவுக்குப் படித்துக் காட்ட நினைத்தேன். அவர் விடவில்லை. “அவ்ளோதானா? பின்னாடி இன்னும் ரெண்டு தாளு கீதே, அதையும் படி” என்றார். முழுவதும் படித்தேன். அத்தா பேசியதை எழுதியிருக்கிறீர்களே, அந்த இடத்தை இன்னொரு முறை படிக்கச் சொன்னார். அத்தா அப்படியேதான் பேசுவார். பதின்மூன்று வருடம் கழித்து அவர் குரலை வீட்டில் கேட்டது போல் இருந்தது. அதற்காக உங்களுக்கு நன்றி சொல்ல வேண்டுமா என்று தெரியவில்லை.

அம்மா தாள்களை வாங்கி அவரே மடித்து வைத்தார். பிறகு, “மனுஷன் கால புடிச்சிகினு கேக்கும்போதுகூடவா அந்தம்மாவுக்கு வாய் வரல?” என்றார். அதற்கும் பிறகு என்னைப் பக்கத்தில் கூப்பிட்டார். “நீ கரீட்டாத்தான் சொல்லிகீற. நான்தான் ஆட்டோவுல கூட வுடாம ஏசிகினு வந்தேன்” என்றார். எனக்கு நாற்பத்து நான்கு வயது, மிஸ். அம்மாவின் மடியில் தலை வைத்து அழுதேன். டயாலிசிஸ் ஊசி போட்ட கையால் என் தலையைத் தடவினார். வலிக்குமே என்று நகர்த்தப் பார்த்தேன். விடவில்லை.

நீங்கள் கடைக்கு வந்த அந்தத் திங்கட்கிழமை நான் உள்ளே இருந்தேன். பெட்டி அடுக்கிற இடத்தில், திரைக்குப் பின்னால். உங்கள் குரல் கேட்டது. ‘நான் மறந்துட்டேன்’ என்றதையும் கேட்டேன். அன்று இரவு அத்தா பரோட்டாவும் கறியும் வாங்கி வந்தார். “டீச்சர் நம்ம கடைக்கே வந்துட்டாங்க. மன்னிச்சிட்டாங்க. பெரிய மனசு” என்று அம்மாவிடம் சொன்னார். நான் சாப்பிடவில்லை. திமிர் இன்னும் அடங்கவில்லை என்று எல்லோரும் திட்டினார்கள்.

நான் இத்தனை வருடமாக என்ன நினைத்துக்கொண்டிருந்தேன் தெரியுமா? பாவம், மிஸ்ஸுக்குத் தெரியவில்லை. தெரிந்திருந்தால் சொல்லியிருப்பார் என்று. உங்கள் மேல் கோபம் இருந்தது. ஆனால் அது தெரியாமல் செய்தவர் மேல் வருகிற கோபம். அது எனக்குப் பழகிவிட்டது. தெரிந்தே அந்த நாற்காலியில் உட்கார்ந்திருந்தவர் மேல் என்ன வரும் என்று எனக்கு இன்னும் தெரியவில்லை. இந்த ஐந்து நாளாக அது வந்துகொண்டேயிருக்கிறது.

உண்மையை எழுதினீர்கள். தேதியோடு எழுதினீர்கள். வேறு யாராவது என்றால் பாடத்திட்டத்தின் மேல் போட்டுவிட்டுத் தப்பித்திருப்பார்கள். அதை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன்.

அம்மா, “வயசான காலத்துல தனியா கீறாங்க. ஒரு நாளு ஊட்டுக்கு வரச் சொல்லு, ஒரு வாய் டீ குடிச்சிட்டுப் போவட்டும்” என்கிறார். அம்மா உங்களை மன்னித்துவிட்டார். அது அவர் உரிமை. நான் மன்னிக்கவில்லை. அம்மாவின் அழைப்பை மறைத்தேன் என்ற பழி வேண்டாம் என்றுதான் எழுதினேன். தயவுசெய்து வராதீர்கள்.

புரூஃப் வேலையை உங்களிடமிருந்து எடுக்கச் சொல்லி கிஷோரிடம் நான் சொல்லவில்லை. உங்களைப் போல் பிழை பார்ப்பவர் அவரிடம் இல்லை. பிள்ளைகளுக்குப் பிழையில்லாத புத்தகம் போக வேண்டும். இரண்டாம் பாடம், மின்னோட்டம், இந்த வாரம் வரும். எழுத்தைப் பெரிதாக்கச் சொல்லிவிட்டேன். திருத்திய தாள்களை மட்டும் அனுப்புங்கள். எனக்குக் கடிதம் வைக்க வேண்டாம்.

ஃபஸீலா


கோவில்பதாகை
29 ஜூலை 2024

இரண்டாம் பாடம், பக்கம் 41 முதல் 78 வரை. திருத்தங்கள் பதினெட்டு, தாளிலேயே குறித்துள்ளேன்.

பக்கம் 52: மூன்றாம் வரியில் அலகு விடுபட்டுள்ளது.

பக்கம் 60, படம்: மின்கலத்தின் முனைகள் இடம் மாறி அச்சாகியுள்ளன.

பக்கம் 73, கேள்வி 9: விடை சரியா தவறா என்று எனக்குத் தெரியவில்லை. மூன்று நாள் போட்டுப் பார்த்தேன். தெரிந்தவர் ஒருவரிடம் காட்டவும்.

நா. உ.